மொத வெடிக்கு முன்னாடி: சுடும்போது காதையும் கண்ணையும் காப்பாத்துறது எப்படி

துப்பாக்கி சுடப் போறவங்களுக்கு குறி எப்படி வைக்கணும், மூச்ச எங்க நிறுத்தணும், விசைய எப்படி பைய இழுக்கணும்னு சொல்லிக் குடுக்க ஆயிரம் பேரு இருக்காங்க, காதுல என்ன வைக்கணும் கண்ணுல என்ன மாட்டணும்னு சொல்லுததுக்குத்தான் நம்ம பக்கம் ஆள் கம்மி. யாராவது சொன்னாலும் "ரெண்டு ரவுண்டு தானல, அதுக்குப் போயி இம்புட்டு ஜோடனையா"ம்பாங்க. அந்த ரெண்டு ரவுண்டே போதும்ங்கிறதுதான் விஷயமே. கொஞ்சம் விளக்கமா சொல்லுதேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குன்னே எழுதுனது, பழைய ஆளுங்களும் படிக்கலாம், தப்பில்ல.

திருநெல்வேலியில யாருப்பா துப்பாக்கி சுடுதான்னு நினைச்சிராதீங்க, எண்ணிப் பாத்தா நெறைய பேரு வருவாங்க. என்சிசி கேம்ப்ல பாயிண்ட் டூ டூ ரைபிள் புடிக்கிற காலேஜ் பிள்ளைங்க, மணிமுத்தாறு பட்டாலியன்லயும் பாளையங்கோட்டை ஆயுதப்படையிலயும் இருக்கிற போலீஸ்காரங்க, மிலிட்டரில இருந்து வந்து பேங்க் வாசல்ல ரெட்டக்குழல் துப்பாக்கியோட உக்காந்திருக்கிற அண்ணாச்சிங்க, கடையம் அம்பாசமுத்திரம் களக்காடு பக்கம் மலையடிவாரத்துல லைசென்ஸ் வச்சிருக்கிற விவசாயிங்க, தாத்தா காலத்துத் துப்பாக்கிய எண்ணெய் போட்டு பீரோவுல வச்சிருந்து எலெக்ஷன் வந்தா மட்டும் ஸ்டேஷன்ல கொண்டு ஒப்படைக்கிற பெரிய வீட்டுக்காரங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்குனதுக்கப்புறம் ஏர் ரைபிள் கோச்சிங் எங்க இருக்குன்னு விசாரிக்கிற அப்பா அம்மா வேற. இவங்க யாரும் இல்லேன்னாலும் ஆனித் திருவிழாவுல பொருட்காட்சிப் பக்கம் பலூன் சுடாத ஆளு யாரு இருக்கா?

மொதல்ல சத்தம். சத்தத்த டெசிபல்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, அது நம்ம கிலோ மீட்டர் மாதிரி நேரா ஏறுற கணக்கு கிடையாது, இங்கதான் எல்லாரும் ஏமாறுதாங்க. 3 டெசிபல் கூடுனா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு, 10 கூடுனா பத்து மடங்கு, 20 கூடுனா நூறு மடங்கு. நாம சாதாரணமா பேசுறது 60 பக்கம். 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம்னு அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி பண்ற நியோஷ் சொல்லுது, 88 ஆச்சுன்னா 4 மணி நேரம், 91 ஆச்சுன்னா 2 மணி நேரம், இப்படியே பாதி பாதியா கொறைஞ்சு 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்தான். டப்புனு ஒரே அடியா வர்ற சத்தத்துக்கு 140-தான் உச்ச வரம்பு, அதுக்கு மேல நேரக் கணக்கே கிடையாது, காது வெறுசா இருக்கும்போது ஒரு தடவ கூட அது படக் கூடாது.

இப்ப துப்பாக்கிக்கு வருவோம். இருக்கிறதுலயே சாதுவான பாயிண்ட் டூ டூ ரைபிளே 140-அ ஒட்டி நிக்கும். 12 போர், அதான் பேங்க் வாசல்ல பாக்குற ரெட்டக்குழல் மாதிரி துப்பாக்கி, 150-ல இருந்து 165 வரைக்கும் போகும், 9 எம்எம் பிஸ்டல் 160 பக்கம், ராணுவத்துக்காரங்க புடிக்கிற இன்சாஸ் மாதிரி பெரிய ரைபிள் 160-அயும் தாண்டும். நம்மூர் வேட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, பட்டாசுக்கு நம்ம சட்டத்துல இருக்கிற வரம்பு வெடிக்கிற எடத்துல இருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தா 145 டெசிபல் உச்சம். வெடிய பத்த வச்சிட்டு நாம காதப் பொத்திக்கிட்டு ஓடுதோம்லா, துப்பாக்கில அந்த வெடியே நம்ம மூஞ்சிக்கு ஒரு மீட்டர்ல நடக்குது, ஓடவும் முடியாது, கை ரெண்டும் துப்பாக்கில இருக்கறதால காதப் பொத்தவும் முடியாது.

இங்க ஒண்ணு சொல்லணும், போன்ல டெசிபல் பாக்குற ஆப் இருக்குல்லா, அத ரேஞ்சுல, அதாவது சுடுற மைதானத்துல, வச்சு அளந்து பாத்துட்டு "எனக்கு 100 தான் காட்டுச்சு, சும்மா பயமுறுத்துதீங்க"ன்னு வர்றவங்க உண்டு. போன் மைக்கு பேச்சு கேக்கத்தான் செஞ்சது. துப்பாக்கிச் சத்தம் ஒரு நொடில ஆயிரத்துல ரெண்டு மூணு பங்குலயே வந்து போயிரும், மைக்கு அந்த உச்சத்தப் புடிக்கவே புடிக்காது, அதால முடிஞ்ச எண்ண காட்டிட்டு நின்னுக்கும். அத நம்பி முடிவெடுக்காதீங்க.

சரி, காதுக்குள்ள என்ன நடக்கு? உள்காதுல நத்தை கூடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, அதுக்குள்ள மயிரிழைச் செல்கள்னு ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்கும். சத்தம் வந்தா அந்தச் செல்லோட தலையில இருக்கிற மயிரிழை அசையும், அசைவு மூளைக்கு சிக்னலா போகும், அதான் கேக்குறது. வயல்ல பயிரு காத்துக்குச் சாயும் பொறவு நிமிந்துக்கிடும், ஆனா பன்னி எறங்கி மிதிச்சுப் போட்ட எடம் நிமிராதுல்ல, அதே கதைதான், லேசான சத்தத்துக்குச் சாஞ்சு எழும்பும், துப்பாக்கிச் சத்தத்துல ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான். கோழிக்கு இந்தச் செல்லு செத்தா திரும்ப மொளைக்கும், ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க, மனுஷனுக்கு மொளைக்காது. கோழிக்குக் குடுத்து வச்சது நமக்கு இல்ல.

காதுக்கும் தன்னையே காப்பாத்திக்கிற ஒரு ஏற்பாடு உண்டு, பெரிய சத்தம் வந்தா நடுக்காதுல ஒரு குட்டித் தசை இறுகி சத்தத்தக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனா அது இறுகவே ஒரு நொடில நூத்துல சில பங்கு ஆயிரும், அதுக்குள்ள தோட்டா வெடிச்சு சத்தம் உள்ள போயி வேலைய முடிச்சிருக்கும். அதனால "பழகுனா காது தாங்கிக்கும்"ங்கிறது சுத்தப் பொய். காதுக்குப் பழக்கம்னு ஒண்ணு கிடையாது, மரத்துப் போறதத்தான் பழகிருச்சுன்னு நாம நினைக்கோம்.

சுட்டு முடிச்சதும் காது அடைச்ச மாதிரி இருக்கும், கொய்ய்ய்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், மறுநா விடிஞ்சா சரியாயிரும். சரியாயிருச்சுல்லா அப்ப ஒண்ணும் ஆகலன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. 2009-ல குஜாவா, லிபர்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எலிய வச்சுப் பாத்ததுல, கேக்குற திறன் பழையபடி திரும்புன எலிகளுக்கும் உள்ள நரம்பு இணைப்பு நெறைய அத்துப் போயிருந்துச்சு. அதாவது டெஸ்டுல நார்மல்னு வரும், உள்ள சேமிப்பு கொறைஞ்சிருக்கும். வலியும் ஒரு அளவுகோல் கிடையாது, வலிக்கவே வலிக்காம காது போறதுதான் சகஜம்.

போறதும் மொத்தமா போகாது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற கீச்சுச் சத்தம்தான் மொதல்ல போகும், ச, ஸ, ஷ மாதிரி எழுத்துங்க, சின்னப் பிள்ளைங்க குரல், பொம்பளைங்க மெல்லப் பேசுறது, குக்கர் விசில், இதெல்லாம். எங்க தெருவுல மிலிட்டரில இருந்துட்டு வந்த தாத்தா ஒருத்தரு உண்டு, தெருமுனைல லாரி வந்தா நமக்கு முன்னாடி அவருக்குக் கேக்கும், ஆனா பேத்தி பக்கத்துல நின்னு "தாத்தா சாப்பிட வாங்க"ன்னா "எங்க போகணுங்க?"ன்னு திருப்பிக் கேப்பாரு. வீட்ல உள்ளவங்க "வேணும்னா கேக்கும், வேண்டாட்டி கேக்காது, கள்ளக் காது"ன்னு வையிவாங்க, பாவம், அவருக்கு லாரியோட கனத்த சத்தம் கேக்கும், பேத்தியோட கீச்சுக் குரல் கேக்காது, அம்புட்டுதான். அவருக்கு இடது காது இன்னும் மோசம். வலது தோள்ல வச்சு ரைபிள் சுடுறவங்களுக்கு அப்படித்தான் ஆகும், தல சாஞ்சு இருக்கறதால வலது காது தோள்பக்கம் மறைவுல இருக்கும், இடது காது குழல் வாயப் பாத்து நிக்கும். இடது கைப் பழக்கம் உள்ளவங்களுக்கு இது மாறும்.

இனிமே என்ன வைக்கலாம்னு பாப்போம், அதுக்கு முன்னாடி என்ன வைக்கக் கூடாதுன்னு சொல்லிருதேன். பஞ்சு. ஊரெல்லாம் பஞ்சுதான் வைக்காங்க, பஞ்சுக்குள்ள காத்து போகுற மாதிரி சத்தமும் போகும், சும்மா ஒரு மன ஆறுதல். காலித் தோட்டாவ காதுல சொருகுற பழக்கமும் உண்டு, அது காதோட வடிவத்துக்கு ஒட்டாது, உள்ள மாட்டிக்கிட்டா அது தனிப் பாடு. பாட்டு கேக்குற இயர்பட்ஸ்ல சத்தம் குறைக்கிற வசதி இருக்கேன்னா, அது பஸ் இரைச்சல் ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீரா வர்றதுக்குச் செஞ்சது, திடீர்னு வெடிக்கிறதுக்கு இல்ல. காது மிஷின் வச்சிருக்கிறவங்க ஆஃப் பண்ணிட்டா போதும்னு நினைப்பாங்க, போதாது.

உண்மையிலயே வேலை செய்யுறது ரெண்டு சாமான், காதுக்குள்ள போற நுரை பிளக்கு, காத மூடுற இயர்மஃப். பிளக்கு ஜோடி பத்து இருபது ரூபாதான், ஜங்ஷன் பக்கம் சேஃப்டி சாமான் விக்கிற கடையில கேளுங்க, கூடங்குளத்துல வேலை பாக்குற சொந்தக்காரங்க இருந்தா பிளக்கப் பத்தி உங்களுக்கு அவங்களே பாடம் எடுப்பாங்க. ஐஎஸ் 9167-ங்கிறது காதுச் சாமானுக்கு நம்ம இந்திய ஸ்டாண்டர்ட் நம்பரு, அட்டையில இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு அட்டையில என்ஆர்ஆர்னு போட்டு, சத்தத்த எத்தன டெசிபல் கொறைக்கும்னு ஒரு எண்ணு இருக்கும், நுரை பிளக்குக்கு 29-ல இருந்து 33, மஃபுக்கு 20 சொச்சத்துல இருந்து 30 வரைக்கும்.

அந்த எண்ணப் பாத்து 33 போட்டிருக்கு அப்ப 160-ல 33 போக 127-னு கணக்குப் போட்டா ஏமாந்தீங்க. அது லேப்ல, ஆள் கூட இருந்து ஒழுங்கா மாட்டிவிட்டு அளந்தது. நாம அவசரத்துல மாட்டுறதுல பாதி கூடக் கிடைக்காது, அதனாலதான் அமெரிக்காவுல கணக்குப் போடுறவங்களே 7-அக் கழிச்சு மீதிய ரெண்டால வகுக்கச் சொல்லுவாங்க, 33 வெறும் 13 ஆயிரும். வெல கூடுன பிளக்க அரைகுறையா வைக்கிறவன விட பத்து ரூபா பிளக்க ஒழுங்கா வைக்கிறவன் காது நல்லா இருக்கும், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

ஒழுங்கா வைக்கிறதுன்னா எப்படி, பாருங்க. கைய மொதல்ல கழுவுங்க, தோட்டா தொட்ட கையில ஈயமும் எண்ணெய்யும் இருக்கும், அதக் காதுக்குள்ள கொண்டு போகாதீங்க. பிளக்க ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு பைய உருட்டுங்க, மடிப்பு சுருக்கம் விழாம, பீடி சுத்துன கை உள்ளவங்களுக்கு இது தானா வரும், நல்லா ஒல்லியா குச்சி மாதிரி ஆகுற வரைக்கும் உருட்டணும். வலது காதுல வைக்கப் போறீங்கன்னா இடது கைய தலைக்கு மேல சுத்திக் கொண்டு வந்து வலது காது மடல மேல் பின்பக்கமா இழுங்க, காதுத் துவாரம் வளைஞ்சு இருக்கிறது அப்பத்தான் நேராகும், இந்த ஒரு வேலையத்தான் முக்காவாசிப் பேரு செய்ய மாட்டாங்க. இழுத்துப் புடிச்சிக்கிட்டே குச்சிய உள்ள விடுங்க, விட்டுட்டு விரல எடுத்திராதீங்க, 20, 30 நொடி அப்படியே விரல் நுனியால அமுக்கிப் புடிங்க, நுரை உள்ள விரிஞ்சு சுவர்ல ஒட்டும், விரலு எடுத்தா அது வெளிய நெளிஞ்சு வந்துரும். சரியா இருக்கான்னு பாக்க ஏதாவது பேசிப் பாருங்க, உங்க குரலே உங்களுக்குக் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கனமா கேக்கணும். ரெண்டு உள்ளங்கையாலயும் காதப் பொத்திப் பொத்தி எடுங்க, சத்தத்துல பெரிய வித்தியாசம் தெரிஞ்சா பிளக்கு சரியா உக்காரலன்னு அர்த்தம், எடுத்துட்டு மறுபடி வைங்க. முன்னால இருந்து பாக்குற ஆளுக்கு பிளக்கு வெளிய துருத்திக்கிட்டு தெரியக் கூடாது. எடுக்கும்போது சடார்னு இழுக்காம பையத் திருகி எடுங்க.

அழுக்குப் பிளக்க திரும்பத் திரும்ப வைக்காதீங்க, நம்ம வேர்வைக்கு காதுக்குள்ள காளான் மாதிரி பூஞ்சை புடிச்சிரும், அரிப்பு தாங்காது.

மஃப் மாட்டுறது சுலபம், கப்பு காத முழுசா மூடணும், காது மடலு எங்கயும் மடங்கக் கூடாது, மெத்தைக்கும் தோலுக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது. எதுவும்னா முடி, தொப்பி விளிம்பு, துண்டு, கண்ணாடிக் காம்பு எல்லாந்தான். என்சிசி பிள்ளைங்க ஜடைய காதுக்குப் பின்னால தள்ளிக் கட்டிட்டு மாட்டணும், தொங்கட்டான் கம்மல கழட்டணும். தடிச்ச காம்புக் கண்ணாடி போட்டா அந்த இடுக்கு வழியா அஞ்சாறு டெசிபல் சும்மா உள்ள போயிரும், அதனால ஒல்லியா தட்டையா காம்பு உள்ள கண்ணாடி பாத்து வாங்குங்க. நம்ம வெயில்ல கார் டிக்கில போட்டு வச்சா அந்த மெத்தை கட்டையாட்டம் இறுகி வெடிச்சிரும், வெடிச்ச மெத்தையோட மஃப் வெறும் அலங்காரம். ஆறு மாசம் ஒரு வருஷத்துக்கு ஒருக்க மெத்தைய மட்டும் மாத்தலாம், தனியா கிடைக்கும்.

பாயிண்ட் டூ டூ-வ வெட்டவெளியில சுட ஒண்ணு போதும்பாங்க, நான் ரெண்டும் போடுங்கன்னுதான் சொல்லுவேன், 12 போரு, பிஸ்டலு, பெரிய ரைபிளுன்னா யோசிக்கவே வேண்டாம், உள்ள பிளக்கு மேல மஃப். ரெண்டும் போட்டா 33-ம் 25-ம் சேந்து 58 ஆகாது, பெருசுல இருந்து ஒரு 5 தான் கூடும், ஏன்னா ஒரு கட்டத்துக்கு மேல சத்தம் காது வழியா வராம மண்டை எலும்பு வழியா உள்ள போகும். 5 தானேன்னு நினைக்காதீங்க, மேல சொன்ன கணக்குப்படி அது மூணு மடங்குக்கு மேல. அது போக ஒண்ணு நழுவுனா இன்னொண்ணு இருக்கும்ல.

எலக்ட்ரானிக் மஃப்னு ஒண்ணு வருது, வெளிய மைக் வச்சு பேச்ச உள்ள குடுக்கும், 82, 85 டெசிபலுக்கு மேல வந்தா அத உள்ள விடாம கட் பண்ணிரும். கோச்சு சொல்லுறது கேக்கணும்கிற புது ஆளுக்கு நல்லது, பிளக்கு போட்டு அதுக்கு மேல இத மாட்டி வால்யூமக் கூட்டி வச்சா பேச்சும் கேக்கும் பாதுகாப்பும் இருக்கும். வெல கூடுதல். சர்வதேசப் போட்டி விதில விளையாடுறவங்க இத மாட்டக் கூடாது, உள்ள யாராவது ரகசியமா சொல்லிக் குடுத்துருவாங்கன்னு, சாதா மஃப்தான்.

எடமும் முக்கியம். தகரக் கொட்டகைக்குக் கீழ, நாலு பக்கமும் சொவரு உள்ள எடத்துல சுட்டா சத்தம் அடிச்சுத் திரும்பி வந்து ரெண்டு மூணு தடவ காதுல விழும். பக்கத்துல நிக்கிறவனுக்குச் சுடுறவன விட சத்தம் கூடுதலா படுறதும் உண்டு, அவன் குழல் வாய்க்குப் பக்கவாட்டுல நிக்கான்லா. அப்பா சுடுறத வேடிக்கை பாக்க வந்த பிள்ளைக்குத்தான் மொதல்ல மாட்டணும், சின்னத் தலைக்குச் சின்ன மஃப் தனியா இருக்கு, பெரியவங்களோடது நழுவும். மாசமா இருக்கிறவங்க வரவே வேண்டாம், அவங்க காதுல மாட்டலாம், வயித்துல இருக்கிற பிள்ளைக்கு எதக் கொண்டு மாட்ட? சினிமால சைலன்சர் போட்டதும் புஸ்ஸுனு ஒரு சத்தத்தோட முடிஞ்சிரும்ல, நெசத்துல அது 20, 30 டெசிபல் கொறைக்கும், 160 வந்து 130 ஆகும், 130-ங்கிறது புஸ்ஸு இல்ல.

இப்ப கண்ணு. காது கொஞ்சம் கொஞ்சமா போகும், கண்ணு ஒரே நாள்ல போயிரும், அதான் வித்தியாசம்.

திருவிழா பலூன் கடையில இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா அங்கதான் யாருமே கண்ணாடி போடுறது இல்ல. பலகையில பலூன் குத்தி வச்சிருப்பான், நாம நாலஞ்சு மீட்டர்ல நிக்கோம், பலூன்ல பட்டா டப்புனு வெடிக்கும் சரி, படாட்டி குண்டு எங்க போகும்? பலகையில படும். பலகை சாக்கு, அட்டைன்னு மெதுவா இருந்தா அதுல புதைஞ்சிரும், கட்டை காஞ்சு இறுகியிருந்தா, ஆணி தலையில பட்டா, பின்னால தகரம் இருந்தா அப்படியே திரும்பி வரும். அந்தப் பலகைக்குக் கீழ தரையில கெடக்கிற குண்ட அடுத்த தடவ பாருங்க, ஈயக் குண்டு தட்டையா நசுங்கி ஓரம் பிளேடு கணக்கா இருக்கும், சில கடையில வெலை கம்மின்னு இரும்பு உருண்டை போடுவாங்க, அது நசுங்கவே நசுங்காது, வந்த வேகத்துல பாதிக்கு மேல எடுத்துக்கிட்டு திரும்பும். குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்துல போச்சுன்னா 5 மீட்டர் கடக்க 0.03 நொடி, நம்ம கண்ணு சிமிட்ட 0.1 நொடி வேணும். இமை மூடிக்கிரும்ங்கிற தைரியம் இங்க செல்லாது. பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்காதீங்க, சுடுறவருக்குப் பின்னால தள்ளி நில்லுங்க.

ஏர் கன் லைசென்ஸ் இல்லாம வாங்கலாம்ங்கிறதால அது பொம்மைன்னு ஒரு நினைப்பு இருக்கு. சட்டத்துல லைசென்ஸ் வேண்டாம்னு இருக்கிறது பாயிண்ட் 177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்டதுக்குத்தான், அந்த 20 ஜூல்ல நூத்துல ஒரு பங்கு போதும் கண்ணுக்கு.

பெரிய துப்பாக்கில வர்ற ஆபத்து வேற மாதிரி. பிஸ்டலும் ஆட்டோமேட்டிக் ரைபிளும் சுட்ட தோட்டாவோட காலிக் கூட்ட வலது பக்கம் வெளிய எறியும், சுடச் சுட இருக்கும், பக்கத்துல உள்ளவன் மூஞ்சில படும், சில நேரம் கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவுல வந்து உக்காந்துக்கும். சுடுதுன்னு துள்ளித் துப்பாக்கியோட திரும்பிறக் கூடாது, சூடு பொறுத்துக்கிட்டு குழல முன்னாடி பாத்தபடியே கீழ வச்சிட்டுத்தான் கைய முகத்துக்குக் கொண்டு போகணும். முன்விளிம்பு உள்ள தொப்பி போட்டா இது பாதி கொறையும். பழைய நாட்டுத் துப்பாக்கி, குழல் வாயில மருந்து போட்டுக் குச்சியால குத்துறது, அது இன்னும் மோசம். குதிரைன்னு சொல்ற சுத்தியல் போயி மருந்தப் பத்த வைக்கிற கேப்ல அடிச்சதும் அந்தச் செம்புக் கேப்பு துண்டு துண்டா செதறும், அது நடக்குறது சுடுறவன் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்துல. மருந்து கூடிப் போச்சுன்னா, குழல்ல துரு இருந்துச்சுன்னா, சூடான புகையும் வேகாத மருந்தும் பின்பக்கமா பீச்சும். தாத்தா காலத்துத் துப்பாக்கிய வருஷக்கணக்கா சுடாம வச்சிருந்து எடுக்கிறவங்க துப்பாக்கி பழுது பாக்குறவர்கிட்ட மொதல்ல காட்டுங்க.

கண்ணாடி வாங்கும்போது பாலிகார்பனேட்டான்னு (லேசுல உடையாத ஒரு பிளாஸ்டிக்) மட்டும் கேளுங்க, ரெண்டு மூணு நூறு ரூபாக்குள்ளயே கிடைக்கும். காம்புலயோ லென்ஸ் ஓரத்துலயோ இசட்87 பிளஸ்னு பொறிச்சிருந்தா நல்லது, கால் இஞ்ச் இரும்பு உருண்டைய நொடிக்கு சுமார் 45 மீட்டர் வேகத்துல அடிச்சும் உடையலன்னு அர்த்தம். இந்திய ஸ்டாண்டர்ட் நம்பர் ஐஎஸ் 5983. ராணுவத்துக்குன்னு வர்றது நொடிக்கு 200 மீட்டர் வேகத்துல சின்னத் துண்ட அடிச்சு டெஸ்ட் பண்ணது, கிடைச்சா யோகம். எதுவுமே நேரா வர்ற தோட்டாவத் தடுக்காது, தெறிச்சு வர்றதத்தான் தடுக்கும், அதுவே நமக்கு வேண்டியது.

பவர் கண்ணாடி போட்டவங்க "எனக்குத்தான் ஏற்கனவே இருக்கே"ம்பாங்க. சாதா பவர் கண்ணாடி, அதுலயும் கிளாஸ் லென்ஸா இருந்தா, உடைஞ்சு அந்தச் சில்லே கண்ணுக்குள்ள போகும், பக்கவாட்டுலயும் தொறந்து கெடக்கும். அதுக்கு மேலயே மாட்டுற பெரிய சைஸ் சேஃப்டி கண்ணாடி இருக்கு, இல்லேன்னா பாலிகார்பனேட்ல பவர் போட்டு வாங்கலாம். போட்டிக்காரங்க ஒத்தக் கண்ணுல லென்ஸும் இன்னொரு கண்ணுல மறைப்பும் வச்சு மாட்டுறாங்களே, அது குறி தெரியுறதுக்கு, பாதுகாப்புக்குன்னு நினைச்சு வாங்காதீங்க. வெல்டிங் கண்ணாடி, கூலிங் கிளாஸ் ரெண்டும் வேண்டாம்.

நெறம் உங்க இஷ்டம், உள்ள சுடுறதுக்கு தெளிவான கண்ணாடி, மப்பு நாளைக்கு மஞ்சள், சித்திரை வெயிலுக்கு பிரவுனோ சாம்பலோ. வடிவம்தான் இஷ்டம் இல்ல, கன்னத்தோட வளைஞ்சு ஓரத்த மூடணும். நம்மூர்ல ஆனி ஆடிக் காத்துக்கு எதிர்த்தாப்ல நின்னு சுட்டுப் பாருங்க, புழுதியும் மருந்துத் துகளும் சேந்து மூஞ்சிக்கே வரும், தட்டைக் கண்ணாடில மேலயும் கீழயும் அப்படியே நொழையும். சாரல் நேரத்துல லென்ஸ் வேர்த்துப் பனி புடிக்கும், அதத் தொடைக்கத்தான் முக்காவாசிப் பேரு கழட்டுவாங்க, கழட்டுன நேரத்துலதான் பக்கத்துல ஒருத்தன் சுடுவான். பனி புடிக்காத பூச்சு உள்ளதா வாங்குங்க. தொடைக்கிறதுன்னா வேட்டி நுனியால தேய்க்காதீங்க, பாலிகார்பனேட்டு சீக்கிரம் கீறும், தண்ணில அலசி மெல்லிசு துணியால ஒத்தி எடுங்க, தின்னர் அசிட்டோன் எதுவும் படக் கூடாது, உள்ளுக்குள்ள நொந்து போயிரும், பாத்தா தெரியாது.

மாட்டுற வரிசை: மொதல்ல பிளக்கு, அடுத்து கண்ணாடி, அதுக்கு மேல மஃப். இத ரேஞ்சுக்கு வெளியவே முடிச்சிட்டு உள்ள போங்க, உள்ள போயி மாட்டிக்கலாம்னா மொத வெடி உங்களுக்காகக் காத்திருக்காது. எல்லாரும் துப்பாக்கிய காலி பண்ணி கீழ வச்சாச்சுன்னு சத்தம் போட்டுச் சொன்ன பொறவுதான் கழட்டணும்.

அப்படியும் கண்ணுல ஏதாவது பட்டுட்டா தேய்க்காதீங்க, அமுக்காதீங்க, குத்திக்கிட்டு இருக்கிறத இழுக்காதீங்க, குத்திருக்கும்போல தோணுனா தண்ணி ஊத்திக் கழுவவும் வேண்டாம். தாய்ப்பால், வெளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. ஒரு பேப்பர் கப்ப வெட்டி கண்ணுல படாம எலும்பு மேல உக்கார்ற மாதிரி கவுத்து பிளாஸ்திரி ஒட்டி, ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ ஜங்ஷன் அரவிந்துக்கோ வெரசா போங்க, ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்ங்கிறதால வழியில டீ காப்பி கூட குடிக்க வேண்டாம்.

காதுல கொய்ங்குறது ஒரு நாளுக்கு மேல நிக்கலேன்னா, ஒரு காது திடீர்னு மந்தமாச்சுன்னா, பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்திக்கிட்டு இருக்காம ரெண்டு மூணு நாளுக்குள்ள காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க, ஆரம்பத்துல போனா ஸ்டீராய்டு மருந்து குடுத்துப் பாப்பாங்க, நாள் போகப் போக அதுக்கு வேலை கொறைஞ்சிரும். ஒண்ணும் இல்லாட்டியும் தொடர்ந்து சுடுறவங்க வருஷத்துக்கு ஒருக்க ஆடியோகிராம்ங்கிற காது கேக்குற டெஸ்ட் எடுத்துக்கங்க, 4000 ஹெர்ட்ஸ்ல கோடு பள்ளம் விழுந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. டெஸ்டுக்கு முந்துன நாள் கோயில் கொடை மேளத்துக்கும் வேட்டுக்கும் பக்கத்துல போயி நிக்காதீங்க, குறைஞ்சது 14 மணி நேரமாவது காதுக்கு ஓய்வு இருந்தாத்தான் ரிசல்ட் சரியா வரும், ரிப்போர்ட்ட தூக்கிப் போட்டுறாம வைங்க, அடுத்த வருஷம் டாக்டர் ரெண்டையும் பக்கத்துல வச்சுத்தான் பாப்பாரு.